சிவப்பு வண்டி விற்பனைக்கு, புகைச் சான்று உண்டு

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை அங்கேயே விட்டுடலாம். வண்டியை அப்புறம் பார்க்கலாம், அது எங்கேயும் போகாது. எங்கேயும் போகாததுதான் அதோட குணமே. இந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். அதுல உட்காருங்க.

திருப்பூர்ல இருந்து வர்றதா போன்ல சொன்னீங்க. பனியன் எக்ஸ்போர்ட். நல்லது. விளம்பரம் பார்த்து வந்தவங்கள்ல நீங்க நாலாவது ஆள். முன்னாடி வந்த மூணு பேரும் நல்ல மனுசங்கதான். காபி குடிச்சாங்க, நான் சொன்னதைக் கேட்டாங்க, போயிட்டாங்க. ஏன் போனாங்கன்னா, நான் எதையும் மறைக்கறதில்லை. இந்தக் காலத்துல உள்ளதைச் சொல்லி ஒரு பொருளை விக்க முடியாதுங்க. நானும் விக்கத்தான் பார்க்கறேன். மனசார பார்க்கறேன். அமைய மாட்டேங்குது.

காபி நான் போட்டது. சர்க்கரை கம்மியா இருந்தா சொல்லுங்க, கூட இருந்தா சொல்லாதீங்க. வீட்டுல வசந்தாமணி இல்லை. என் சம்சாரம். ஈரோட்டுல எங்க மக நிவேதா வீட்டுல இருக்கா. அந்த வண்டி இந்தப் போர்டிகோவை விட்டுப் போன அன்னிக்குத்தான் இந்த வீட்டுக்குள்ள கால் வைப்பாளாம். அதுக்காகத்தான் இந்த விளம்பரமே. இல்லேன்னா அப்படி ஒரு வண்டியை எந்தப் பைத்தியக்காரன் விப்பான்?

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். வண்டி வாங்கறதுக்கு முன்னாடி ஓட்டினவன் யாருன்னு தெரிஞ்சுக்கணும். பேர் சென்னியப்பன். பம்ப் கம்பெனியில குவாலிட்டி கன்ட்ரோல். நான் பார்த்து அனுப்பாம ஒரு பம்ப் அந்த கேட்டைத் தாண்டாது. முதலாளியோட மச்சான் பவுண்டரியில வார்த்து அனுப்பின சரக்கையே ரிஜெக்ட் பண்ணி ஓரமா வெச்சவன் நான். "பார்த்துச் செய்யுங்க சென்னியப்பன்"னு முதலாளி சொன்னார். பார்த்துத்தாங்க ரிஜெக்ட் பண்ணினேன்னு சொன்னேன். அதுக்கு அப்புறம் எனக்கு பிரமோஷன் வரலை. வேண்டாம். ரிட்டயர் ஆகும்போது ஒரு சால்வை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தாங்க. ரெண்டுமே குவாலிட்டி செக் பண்ணாம வாங்கினது.

இப்ப வண்டிக்கு வர்றேன்.

எங்க சின்ன முதலாளி, பெரியவரோட பையன், ஜெர்மனியில படிச்சுட்டு வந்தார். என்ன படிச்சார்னு யாருக்கும் தெரியாது. இதே மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார்ல வருவார். ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு, தரையோட ஒட்டின மாதிரி. வண்டி மெயின் ரோட்டுல திரும்பும்போதே சத்தம் கேட்கும். அப்படியே அடிவயித்துல இருந்து வர்ற சத்தம். கேட்டதும் கம்பெனி முழுக்க நிமிரும். டீ குடிக்கறவன் டம்ளரைக் கீழ வைப்பான். லேத்துல நின்னு போன்ல பேசறவன் போனை ஒளிப்பான். நான் நிமிர மாட்டேன், நான் எப்பவும் நிமிர்ந்தேதான் இருப்பேன். ஆனா கேட்பேன்.

அதுக்காகத்தான் வாங்கினேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு இன்ஜினியரிங் மேல ஆர்வம். அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆனதும் நெட்டுல தேடினேன். வடக்க, தில்லிப் பக்கமெல்லாம் பழைய வண்டிக்கு வயசு உச்சவரம்பு உண்டு. வயசு ஏறினா ரோட்டுல ஓட்டக் கூடாது. அதனால நல்ல நல்ல வண்டியெல்லாம் வயசு முடியறதுக்கு முன்னாடி தெற்க வந்துடும். ரிட்டயர் ஆகற நம்மளை மாதிரிதான், ஆனா நம்மளை வாங்க ஆள் வர்றதில்லை. குர்கான்ல ஆகாஷ்னு ஒரு பையன் வெச்சிருந்தான், அரியானா நம்பர். வீடியோ கால்ல வண்டியைக் காட்டினான். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, போனைப் பின்னாடி சைலன்சர் கிட்ட கொண்டு போனான். "அங்கிள், சவுண்ட் சுனியே." இந்தி எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்துக்கு மொழி எதுக்கு?

வசந்தாமணி பக்கத்துல வெண்டைக்காய் நறுக்கிட்டு இருந்தா. "எத்தனை பேரு உக்காரலாம்?"னு கேட்டா.

"ரெண்டு பேர்."

"நிவேதாவும் மாப்பிள்ளையும் வந்தா?"

"பஸ் இருக்குது."

அதுக்கு மேல அவ ஒண்ணும் கேட்கலை. அவ கிட்ட ஒரு நல்ல குணம், ஒரு தடவைதான் கேட்பா. கெட்ட குணமும் அதேதான்.

லாரியில வந்து இறங்குச்சு. இந்தச் சந்துக்குள்ள லாரி வராது, மெயின் ரோட்டுலயே இறக்கி ஸ்டார்ட் பண்ணினேன். தெருவே வெளிய வந்துடுச்சு. எதிர்வீட்டு வங்கி மேனேஜர், இத்தனை வருசத்துல என்னைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டாத மனுசன், லுங்கியோட கேட்டுக்கு வந்து "சார், உங்களுதா?"ன்னார். ஆமாங்கன்னு சொன்னேன். அது போதும்.

புது வண்டி வாங்கினா கோயமுத்தூர்ல எங்க போவாங்க, ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலுக்குத்தானே. போனோம். மாலை, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி. வசந்தாமணியும் வந்தா. அந்த வண்டியில அவ ஏறினது அந்த ஒரு தடவைதான். ஏறினான்னு சொல்றது தப்பு, இறங்கினா. அவ்வளவு தாழ்வு. கோயில் வாசல்ல அவளை வெளிய எடுக்க பூக்காரம்மா ஒருத்தி கை கொடுக்க வேண்டியதாப் போச்சு. "ஏனுங்க, கெணத்துல இருந்து ஏத்தற மாதிரி இருக்குது"ன்னு பூக்காரம்மா சொன்னா. வசந்தாமணி சிரிச்சா. நான் சிரிக்கலை.

இப்பத்தான் விசயமே ஆரம்பிக்குது. வெளிமாநில வண்டி, இங்க நம்ம நம்பர் வாங்கணும். அங்கிருந்து தடையில்லாச் சான்று வந்தாச்சு, இங்க வரி கட்டியாச்சு. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஜன்னல்ல இருந்தவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துட்டு, "புகைச் சான்று எங்கீங்க? அது இல்லாம நகராது"ன்னார். அது ஒரு விசயமாங்க? பெட்ரோல் பங்க்குக்குப் போனா பல்லு விளக்கற நேரத்துல கொடுத்துடுவான்.

சிங்காநல்லூர் போற வழியில ஒரு பங்க்ல ஒரு சின்ன டப்பா ரூம், அதுல ஜெயசீலன்னு ஒருத்தர். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், சுவத்துல ஒரு ஏசு படம். வண்டியைக் கொண்டு போய் நிறுத்தினேன். பெட்ரோல் போட வந்தவங்க எல்லாம் சுத்தி நின்னுட்டாங்க. ரெண்டு காலேஜ் பொண்ணுங்க போட்டோ எடுத்துக்கலாமான்னு கேட்டாங்க. எடுத்துக்கம்மான்னேன்.

ஜெயசீலன் உள்ள இருந்தே எட்டிப் பார்த்தார். "சார், அங்கயே நிறுத்துங்க. நம்பர் பிளேட் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கறேன். இன்ஜினை ஆஃப் பண்ணிக்கலாம்."

"ஆஃப் பண்ணினா எப்படிங்க புகையை அளப்பீங்க?"

"அளந்து என்ன சார் பண்ணப் போறோம்?"

நான் வேலை பார்த்த இடத்துல இப்படி ஒருத்தன் பேசியிருந்தா அன்னிக்கே கேட்டுக்கு வெளிய இருந்திருப்பான். அங்க நின்ன அத்தனை பேர் முன்னாடியும் சொன்னேன், "இத பாருங்க, இப்படி அளக்காம அளக்காமத்தான் நாடு இந்த நெலமையில இருக்குது. இது எப்பேர்ப்பட்ட இன்ஜின் தெரியுமா? இதுல வர்ற புகையில நீங்க சாம்பிராணி போட்டுக்கலாம். மெஷினை எடுங்க, முறைப்படி அளங்க."

"சார், வேண்டாம் சார்."

"எடுங்கன்னா எடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம் மேசைக்கு அடியில இருந்து மெஷினை எடுத்தார். குழாய்ல பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கலை. அதைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடினார். மெஷினை எப்படி ஆன் பண்றதுன்னு அவங்க ஓனருக்குப் போன் போட்டுக் கேட்டார். எனக்குப் பின்னாடி ஒரு பெரியவர் பழைய மொபெட்ல அரிசி மூட்டையோட நின்னார். கொசு மருந்து அடிக்கற வண்டி மாதிரி அப்படி ஒரு புகை. அவரை நிக்க வெச்சு ஒரு போட்டோ, சான்று கையில. பாஸ். அவர் போன அப்புறம் கொஞ்ச நேரம் எங்களுக்கு ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியலை.

அப்புறம் குழாயை என் சைலன்சர்ல விட்டார். நான் வண்டியில உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினேன். கூட்டம் ஓன்னு கத்துச்சு. கண்ணாடியில ஜெயசீலன் முகத்தைப் பார்த்தேன். கம்ப்யூட்டரைப் பார்க்கறார், மெஷினைப் பார்க்கறார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்க்கறார். இறங்கிப் போய் என்னங்கன்னு கேட்டேன்.

"ஃபெயில் சார்."

"என்னது?"

"கார்பன் மோனாக்சைடு எங்கயோ நிக்குது சார். எங்க சென்டர் ஆரம்பிச்சதுல இருந்து ஃபெயில் ஆன மொதல் வண்டி உங்களுதுதான்."

மெஷின் தப்புன்னு சொன்னேன். எப்ப அளவு சரிபார்த்துக் காலிபரேட் பண்ணினீங்கன்னு கேட்டேன். ஸ்டிக்கரைக் காட்டினார், தேதி சரியா இருந்துச்சு. உபயோகிக்காத மெஷின் எப்படிங்க கெட்டுப் போகும்? சரி, அதை அழிச்சுட்டு ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்கன்னு கேட்டேன். ஆமாங்க, கேட்டேன், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. "அளவு நேராக் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு சார். நான் வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன்ல"ன்னார்.

வேற சென்டருக்குப் போனேன். நம்பரை அடிச்சதும் முகம் மாறிடும். "நேத்து ஃபெயில் ஆன வண்டி. இன்னிக்குச் சும்மா பாஸ் போட்டா என் சென்டரை மூடிடுவாங்க சார். சரி பண்ணிட்டு வாங்க, நெசமாவே அளந்து தர்றேன்." ஊர்ல ஓடற அத்தனை வண்டியும் போட்டோ எடுத்தே பாஸ். என் ஒரு வண்டிக்கு மட்டும் எல்லாரும் அரிச்சந்திரன் ஆயிட்டாங்க. நேர்மையா இருந்தா இதுதாங்க மரியாதை.

ஆக, சான்று இல்லை. சான்று இல்லாம ஃபைல் நகராது. ஃபைல் நகராம வண்டியை ரோட்டுல எடுக்க முடியாது. போர்டிகோவுல நின்னுச்சு, மாசக் கணக்கா. ஆனா அந்த மாதிரி இன்ஜினைச் சும்மா நிறுத்தி வெக்கக் கூடாதுங்க. பேட்டரி போயிடும், ஆயில் உறைஞ்சுடும். தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விடுவேன். எதிர்வீட்டு மேனேஜர் சரியா அந்த நேரத்துக்கு பேப்பர் எடுக்க வெளிய வருவார். வந்து நிமிர்ந்து நிப்பார்.

அந்தச் சமயத்துலதான் வசந்தாமணிக்கு இருமல் ஆரம்பிச்சது.

அதோ, அந்த ஜன்னல் இருக்கே, போர்டிகோவைப் பார்த்தாப்புல, அதுதான் எங்க பெட்ரூம். அவளுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, அதனால கீழயே படுக்கை. வண்டியை நான் பின்பக்கமாத்தான் உள்ள விடுவேன். மூக்கு அவ்வளவு தாழ்வு, முன்பக்கமா விட்டா சரிவுல இடிக்கும். அதனால வண்டியோட பின்பக்கம் ஜன்னலுக்கு நேரா வரும். வேற வழி இல்லை.

"வண்டியைத் திருப்பி நிறுத்துங்களேன்"னா.

"மூக்கு இடிக்கும்."

"தெருவுல நிறுத்துங்களேன்."

"தெருவுலயா? காக்கா எச்சம் போட்டா பெயின்ட் போயிடும்."

"அப்ப நான் தெருவுல படுத்துக்கறேன்."

இப்படித்தான் பேசுவா. எங்க இருந்து வந்துச்சோ இந்தக் குத்தல் பேச்சு. எங்க குடும்பத்துல அப்படி யாரும் பேசறதில்லை.

இருமல் அப்புறம் இழுப்பு ஆச்சு. மூச்சு விட்டா உள்ள விசில் அடிக்கற மாதிரி ஒரு சத்தம். நெஞ்சு டாக்டர் கிட்டக் கூட்டிட்டுப் போனேன், ஆட்டோவுலதான், வண்டிக்குத்தான் சான்று இல்லையே. அவர் ஒரு சின்னக் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதினா. முள்ளு பாதிகூட ஏறலை. டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கறீங்களா?"ன்னார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. என் வாழ்நாள்ல ஒரு பீடியைத் தொட்டதில்லைங்க. நல்லாச் சொன்னேன் அவருக்கு.

"பக்கத்துல ஏதாவது பட்டறை, புகை வர்ற மாதிரி?"

"பக்கத்து வீட்டுல மாடி எடுக்கறாங்க, சிமென்ட் தூசி"ன்னேன்.

வசந்தாமணி வாயைத் திறந்தா. என்னைப் பார்த்தா. மூடிக்கிட்டா. நான்தான் சொன்னேனே, ஒரு தடவைக்கு மேல கேட்க மாட்டா.

இருங்க, காபி ஆறுது, குடிங்க. வண்டியைச் சரி பண்ணின கதையைச் சொல்லணும்ல. நீங்க வாங்கப் போறவர், தெரிஞ்சுக்கணும்.

உக்கடத்துல காசிம் பாய்னு ஒரு மெக்கானிக். அடியில படுத்துப் பார்த்துட்டுச் சிரிச்சுக்கிட்டே எழுந்தார். "சார், வண்டிக்குக் குடலையே உருவிட்டான்." என்னன்னா, சைலன்சருக்கு முன்னாடி புகையை வடிகட்ட ஒரு டப்பா இருக்கணுமாம், கன்வெர்ட்டர். அந்த ஆகாஷ் பையன் அதைக் கழட்டிட்டு வெறும் பைப் போட்டிருக்கான். சத்தத்துக்காக. நான் போன்ல கேட்டு மயங்கின சத்தம் அதுதான்.

புதுசு வாங்கலாம்னா வெளிநாட்டுல இருந்து வரணும். காசிம் பாய் பாலக்காட்டுல ஒரு உடைப்புக் கடையில விபத்தான இதே மாடல் வண்டி கிடக்கறதைக் கண்டுபிடிச்சு, அந்த டப்பாவைக் கழட்டிட்டு வந்து மாட்டினார். ஜெயசீலன்கிட்டயே போனேன். வேணும்னேதான். குழாயை விட்டார். பாஸ். சும்மா பாஸ் இல்லை, ஏறக்குறைய சைபர். "சார், இதுக்குப் பக்கத்துல கைக்கொழந்தையைத் தூங்க வெக்கலாம்"னார். நம்ம நம்பரும் வந்துடுச்சு. சான்று இதோ இருக்கு, பாருங்க. அரசாங்க முத்திரை.

ஆனா தம்பி, அந்தச் சத்தம் போயிடுச்சு.

தையல் மிஷின் மாதிரி. உஸ்ஸுன்னு ஒரு மூச்சு, அவ்வளவுதான். அன்னிக்கு வண்டியைச் சந்துக்குள்ள கொண்டு வர்றேன், எதிர்வீட்டு மேனேஜர் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கலை. நான் இறங்கிக் கதவைச் சாத்தின சத்தத்துக்குத்தான் திரும்பினார். "ஓ, நீங்களா"ன்னார். நீங்களான்னா என்னங்க அர்த்தம்?

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். நியாயமா ஒண்ணு சொல்லணும், அந்த ஒரு வாரம் வசந்தாமணிக்கு இருமல் இல்லை. பக்கத்து வீட்டுல கான்கிரீட் முடிஞ்ச வாரம் அது, தூசி இல்லை. நல்லாத் தூங்கினா. சப்பாத்தியெல்லாம் போட்டா. ஒரு நாள் காலையில அவளே ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு, "இப்பத்தான் வண்டி மனுசனாட்டம் இருக்குது"ன்னு சொன்னா. அவளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?

அந்த வாரக் கடைசியில உக்கடத்துக்குப் போய், டப்பாவைக் கழட்டிட்டுப் பழைய பைப்பையே போடச் சொன்னேன். காசிம் பாய் ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டே நின்னார். "சார், அம்மாவுக்கு நெஞ்சு சரியில்லேன்னு சொன்னீங்களே"ன்னார். அது தூசி அலர்ஜி பாய், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னேன். சான்று கையில இருக்கு. அரசாங்கமே இந்த வண்டியில புகை இல்லைன்னு எழுதிக் கொடுத்தாச்சு. அதுக்கு மேல நீங்க யாரு, நான் யாரு?

மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்ணினேன் பாருங்க. அடடா. மேனேஜர் கையில பேப்பரோட நிமிர்ந்தார். இன்ஜினை அணைச்சுட்டு உள்ள போனா, வசந்தாமணி கட்டில்ல உட்கார்ந்திருக்கா. ஜன்னல் சாத்தியிருக்கு. பக்கத்துல பை. துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு.

"கழட்டிட்டீங்களா?"ன்னா.

"எதை?"

"அந்த டப்பாவை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத்தானே தெரியும்"னா. சொல்லிட்டு ரொம்ப நேரம் இருமினா. பக்கத்து வீட்டுல அன்னிக்குப் பார்த்து டைல்ஸ் அறுக்க ஆரம்பிச்சிருந்தான். தண்ணி கொண்டு வந்து கொடுத்தேன், வாங்கிக்கலை. "உங்க வண்டி பாஸ் ஆயிடுச்சுங்க. நான்தான் ஃபெயில் ஆயிட்டேன். ஒண்ணு அந்த டப்பாவை மாட்டுங்க, இல்லை வண்டியை அனுப்புங்க. அப்புறம் கூப்பிடுங்க, வர்றேன்"னா. நிவேதா வந்து கூட்டிட்டுப் போனா. போகும்போது "அப்பா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா. அம்மாவை உரிச்சு வெச்சிருக்கா.

என்ன கேட்டீங்க? அந்த டப்பாவா? இருக்குங்க. ஸ்டோர் ரூம்ல பேப்பர் சுத்தி வெச்சிருக்கேன். நல்ல கண்டிசன்.

மாட்டலாமேன்னா? இதையேதான் உங்களுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் கேட்டாங்க. மாட்டிட்டா அப்புறம் அது என்ன வண்டிங்க? சத்தம் இல்லாத வண்டியில நான் இந்தச் சந்துக்குள்ள வந்தா வர்றது யாருன்னு எப்படித் தெரியும்? ஊமையாக்கி வெச்சுக்கறதுக்கு வித்துடறதே மேல். அதனாலதான் விளம்பரம் கொடுத்தேன். அவ முக்கியமா வண்டி முக்கியமான்னு கேட்டா நான் அவதான்னு சொல்லுவேன். சொல்லவும் சொல்லிட்டேன், போன்ல. விளம்பரத்தையும் அனுப்பிக் காட்டினேன்.

ஈரோட்டுல இப்ப நல்லா இருக்காளாம். தினமும் அவளை அந்தக் குழாயை ஊத வெச்சு, முள்ளு எங்க நிக்குதுன்னு நிவேதா எனக்குப் போட்டோ அனுப்பறா. நாளுக்கு நாள் ஏறுது. டாக்டர் மாத்திரையைக் குறைச்சுட்டாராம். ஈரோட்டுக் காத்து நல்லாயிருக்காம். கேட்டுக்கோங்க. அத்தனை சாயப்பட்டறை இருக்கற ஊரு, அங்க காத்து நல்லாயிருக்காம். இங்க சௌரிபாளையத்துல, என் வீட்டுல, காத்து கெட்டுப் போச்சாம். சரின்னு விட்டுட்டேன். எதிர்த்துப் பேசறதில்லை இப்பல்லாம்.

என்ன பண்றேன்னு கேட்டா, காலையில வண்டியை ஸ்டார்ட் பண்றேன். அப்புறம் மெஸ்ஸுல டிபன். அப்புறம் என்ன இருக்கு?

சரி, உங்க விசயத்துக்கு வருவோம். இவ்வளவும் கேட்டாச்சு. மத்தவங்க எல்லாம் இந்த இடத்துலதான் எழுந்து, யோசிச்சுச் சொல்றேங்கன்னு போனாங்க. நீங்களும் அப்படின்னா எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை.

எடுத்துக்கறீங்களா?

விளம்பரத்துல போட்ட விலைக்கேவா? பேரம்கூடப் பேசாமலா? வண்டியை இன்னும் பார்க்கவே இல்லையே தம்பி. சத்தம்கூடக் கேட்கலை.

ஓ. டப்பாவையும் கொடுத்துடணுமா. மாட்டிக்குவீங்களா. வீட்டுல சின்னக் குழந்தை இருக்குதா. சரிதான், சரிதான். அப்பன்னா மாட்டத்தான் வேணும்.

கொஞ்சம் எழுந்து நில்லுங்க. இல்லைங்க, சும்மாத்தான். ஆறடி இருப்பீங்களா? அதான் பார்த்தேன். உள்ள உட்கார்ந்தா தலை கூரையில இடிக்கும். குழந்தை இருக்குதுன்னு வேற சொல்றீங்க, ரெண்டே சீட்டு. உங்க வீட்டம்மாவை எங்க உட்கார வெப்பீங்க? நான் விக்கறவன், எனக்கென்ன, பணத்தை வாங்கிக்கிட்டு அனுப்பிடலாம். ஆனா பொருந்தாத எடத்துக்குப் பொருளை அனுப்பிப் பழக்கம் இல்லைங்க எனக்கு. உங்களுக்கு இந்த வண்டி சரிப்படாது. தப்பா எடுத்துக்காதீங்க. அந்த இன்ஜினுக்கு வாயைக் கட்டிப்போட்டு, ஸ்கூலுக்குக் குழந்தையைக் கொண்டு போய் விடறதுக்கு... வேண்டாங்க. மனசு கேட்காது.

அட்வான்ஸா? உள்ள வைங்க தம்பி. உள்ள வைங்கன்னா. பணமா பெருசு?

இருங்க, போன். அவதான். இந்த நேரத்துக்குக் கூப்பிடுவா.

சொல்லு வசந்தா. ம். சாப்பிட்டேன், சாப்பிட்டேன். ஆமா, வந்தாங்க, திருப்பூர்ல இருந்து. வந்துட்டு இப்பத்தான் போனாங்க. பார்த்தாங்க, எல்லாம் பார்த்தாங்க. பிடிக்கலையாம். நான் என்ன பண்ணட்டும், கையைப் பிடிச்சா இழுக்க முடியும்? வர்றவங்களுக்குப் பிடிக்கணும்ல. எனக்கு மட்டும் ஆசையா உன்னை அங்க விட்டு வெச்சிருக்க? ம். தீபாவளிக்குள்ள போயிடும், விடு. வேற யாராவது வருவாங்க. சரி. மாத்திரையை மறக்காம போடு.

வெச்சுட்டா.

கேட்டீங்களா தம்பி, எவ்வளவு தெளிவா இருக்குது அவ பேச்சு. முன்னெல்லாம் பக்கத்து ரூம்ல இருந்து பேசினாக்கூட நடுநடுவுல கரகரன்னு வரும், ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்னு போகும். இப்ப அவ்வளவு தூரத்துல இருந்து ஒரே மூச்சுல பேசறா. ஈரோட்டுல டவர் நல்லா இருக்கும் போல.